பத்துக் குற்றங்களும் ஒரு கட்டுரையும்

நமது இதழின் ஆசிரியர் குழுவினர் சென்ற மாதம் என்னை அழைத்து, "புதிதாக எழுத வரும் அன்பர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் இலக்கியம் படித்தவன் அல்லன். வங்கியில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பேரேடு பார்த்தவன். நாவல் எழுதியதில்லை, பரிசு எதுவும் வாங்கியதில்லை. ஆயினும் அலுவலகத்தில் ஆங்கிலம், ரயிலில் மராத்தி, கடையில் இந்தி என்று பேசிவிட்டு இரவில் தமிழுக்குத் திரும்பும் இந்த மும்பை வாழ்க்கையில், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏதாவது ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அவற்றுள் மிக மோசமான கட்டுரை எது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். எழுத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த ஒரு கட்டுரையைத் திருத்தப் போய்க் கற்றுக்கொண்டவைதாம். ஆகவே அதையே இங்கே பாடமாக வைத்துக்கொள்கிறேன்.

ஓர் அஞ்சலிக் கட்டுரை

1974-ஆம் ஆண்டு வங்கி வேலை கிடைத்து நான் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்தபோது, தாராவியில் பெரியப்பா வீட்டில்தான் தங்கினேன். வீடு என்றால் ஓர் அறை. இங்கே 'கோலி' என்பார்கள். அதில் பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், நான். நான்கு ஆண்டுகள் அங்கே சாப்பிட்டேன். பிறகு டோம்பிவிலியில் சொந்த இடம் பார்த்துக்கொண்டு போனேன்.

1993 டிசம்பரில் பெரியப்பா காலமானார். அடுத்த மாதம் ஒரு பொங்கல் மலருக்கு அவரைப் பற்றி அஞ்சலிக் கட்டுரை எழுதினேன். ஒரே இரவில் எழுதி முடித்தேன். எழுதும்போது கண் கலங்கியது. ஆகவே கட்டுரை நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பது பின்னால்தான் தெரிந்தது. எழுதுகிறவன் அழுவது வேறு. எழுத்தில் அழத்தக்கது இருப்பது வேறு.

மலர் வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நானே படித்துக் காட்டினேன். மனிதருள் மாணிக்கம், அன்பின் உறைவிடம், ஈடு செய்ய இயலாத இழப்பு என்று நான் ஏற்ற இறக்கத்தோடு படித்து முடித்தேன். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்:

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா இது யாரைப் பத்தி எழுதுனதுய்யா?"

அவள் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. அந்தக் கட்டுரையில் அவள் புருஷனை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நன்னூல் கைகொடுத்தது

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. கட்டுரையில் இலக்கணப் பிழை இல்லை. பாராட்டிக் கடிதம்கூட இரண்டு வந்தது. அப்படியானால் குறை எங்கே? யோசித்துக்கொண்டே இருந்தபோது பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா மனப்பாடம் செய்ய வைத்த ஒரு பகுதி நினைவுக்கு வந்தது. பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் செய்த நன்னூலின் பாயிரத்தில், ஒரு நூலில் இருக்கக்கூடாத குற்றங்கள் பத்து என்று ஒரு பட்டியல் வரும். தொல்காப்பியத்தின் மரபியலிலேயே இப்படி ஒரு பட்டியல் உண்டு. அன்று மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்தது. இப்போது நன்னூலை வாங்கி வந்து, பத்துக் குற்றங்களையும் ஒரு தாளில் எழுதி, என் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். வங்கியில் தணிக்கையாளர் கணக்கைப் பார்ப்பதுபோல, வரி வரியாகப் பார்த்தேன். பத்துக் குற்றமும் இருந்தன.

இந்தப் பட்டியல் இலக்கண மாணவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடாதீர்கள். எழுதியதைத் திருத்துவதற்கு இதைவிடக் கைக்கு அடக்கமான கருவி ஒன்றை நான் கண்டதில்லை. நூலில் உள்ள வரிசையை விட்டுவிட்டு, எனக்கு விளங்கிய வரிசையில் சொல்கிறேன்.

சொல்லாமல் விட்டது

முதலில் 'குன்றக் கூறல்'. சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது. என் கட்டுரையில் பெரியப்பாவின் தொழிலைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: "தனியார் நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்து குடும்பத்தைக் காத்தார்."

பெரியப்பா வேலை பார்த்தது தோல் பதனிடும் கூடத்தில். உப்பிட்டு வரும் ஆட்டுத் தோலை ஊறவைத்து, மயிர் கழல்வதற்காகச் சுண்ணாம்புக் குழியில் போடுவார்கள். அந்தக் குழியில் தோலைப் புரட்டிவிடுவதும், பிறகு எடுத்துச் சுரண்டுவதும் அவருடைய வேலை. ஊருக்கு எழுதும் கடிதங்களில் 'கம்பெனி வேலை' என்றுதான் எழுதச் சொல்வார். நான்கு ஆண்டுகள் அந்தக் கடிதங்களை எழுதிக் கொடுத்தவன் நான்தான். அவர் மறைந்த பிறகும் அதையே செய்தேன். 'கம்பெனி வேலை' என்பது 'தனியார் நிறுவனம்' ஆயிற்று, அவ்வளவுதான். வங்கியில் வேலை பார்க்கிறவன், அச்சில் வரும் கட்டுரையில், பெரியப்பா தோல் கூடத்தில் வேலை பார்த்தவர் என்று எழுதக் கூசினேன். இதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின.

நண்பர்களே, இதைக் கவனியுங்கள். நம் எழுத்தில் எங்கே சொல் மங்கலாகிறதோ, அங்கே பெரும்பாலும் நமக்குத் தெரியாத ஒன்றோ, நாம் மறைக்க விரும்பும் ஒன்றோ இருக்கிறது. 'பல்வேறு இன்னல்கள்', 'சில சூழ்நிலைகள் காரணமாக', 'ஒரு நிறுவனத்தில்' என்று எழுத நேர்ந்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு உங்களையே கேளுங்கள்: என்ன இன்னல்? எந்தச் சூழ்நிலை? தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மறைப்பதாக இருந்தால், ஏன் மறைக்கிறோம் என்பதாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதன் உடன்பிறப்புதான் 'மயங்க வைத்தல்'. படிப்பவர் இதுவா அதுவா என்று மயங்கும்படி எழுதுவது. "தம்பியும் அவரும் பிரிந்தபின் அவர் மிகவும் வருந்தினார்" என்று எழுதியிருந்தேன். பிரிந்தது சண்டையாலா, சாவாலா? வருந்தியது யார்? எனக்குத் தெரியும் என்பதால் எல்லோருக்கும் தெரியும் என்று எழுதிவிட்டேன். 'அவர்', 'அது', 'அங்கே' என்ற சொற்கள் வரும் இடத்தில் எல்லாம் ஒருமுறை நின்று, படிப்பவருக்கு ஆள் தெரிகிறதா என்று பார்ப்பது நல்லது.

சொல்லாமல் விட்டிருக்க வேண்டியது

அடுத்து மூன்று குற்றங்களை ஒன்றாகச் சொல்லலாம். 'மிகைபடக் கூறல்' என்பது வேண்டிய அளவுக்கு மேல் சொல்வது. 'வெற்றெனத் தொடுத்தல்' என்பது பொருளில்லாத சொற்களைக் கோத்து வைப்பது. 'நின்றுபயன் இன்மை' என்பது சொல் அங்கே நிற்கிறது, ஆனால் அதனால் ஒரு பயனும் இல்லை என்பது.

என் கட்டுரையின் முதல் வாக்கியம் இது: "மனிதருள் மாணிக்கமாய்த் திகழ்ந்த என் பெரியப்பா அவர்கள் அன்பும் பண்பும் அடக்கமும் ஒருங்கே அமையப் பெற்றவர்." இதில் பெரியப்பா என்ற சொல்லை எடுத்துவிட்டு உங்களுக்குத் தெரிந்த எந்தப் பெரியவரைப் போட்டாலும் வாக்கியம் அப்படியே நிற்கும். யாருக்கும் பொருந்தும் வாக்கியம் ஒருவருக்கும் உரியதாகாது. இந்தச் சோதனையை நான் 'பெயர் மாற்றிப் பார்ப்பது' என்று சொல்வேன். நம் சங்க மலர்களில் வரும் அஞ்சலி, வாழ்த்து, விழாச் செய்தி எதையும் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம்.

சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு, யாருக்கும் பொருந்துகிற வாக்கியங்களை எல்லாம் அடித்தேன். ஏறத்தாழ தொள்ளாயிரம் சொற்கள் கொண்ட கட்டுரையில் இருநூற்றுச் சொச்சம் சொற்களே மிஞ்சின. அவற்றுள் பெரியப்பாவுக்கே உரிய செய்தி என்று பார்த்தால் ஊர்ப் பெயரும் பிள்ளைகளின் எண்ணிக்கையும்தான்.

அடைமொழிக்குப் பதிலாக என்ன வைப்பது? கண்ணால் கண்டதை வைக்கலாம். பெரியப்பா சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுவார். ஊரிலிருந்து வந்த எனக்கு அது பம்பாய் நாகரிகமாகத் தெரிந்தது. கொஞ்சம் பொறாமைகூடப் பட்டேன். அவர் மறைந்த பிறகுதான், அவரோடு வேலை பார்த்த ஒரு பெரியவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்: சுண்ணாம்பில் கிடந்து விரல் எல்லாம் வெடித்திருக்கும், குழம்பு பட்டால் எரியும், அதனால்தான் கரண்டி. நான்கு ஆண்டுகள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு இது தெரியவில்லை. 'அடக்கமே உருவானவர்' என்று நான் எழுதியதைவிட அந்தக் கரண்டி அவருடைய அடக்கத்தை நன்றாகச் சொல்லும்.

திரும்பச் சொன்னதும் மாற்றிச் சொன்னதும்

'கூறியது கூறல்' எல்லோருக்கும் தெரிந்த குற்றம். ஆனால் தம் எழுத்தில் அது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. என் கட்டுரையில் 'கடின உழைப்பு' நான்கு இடத்தில் வந்திருந்தது. உழைப்பு, உழைப்பு என்று நான்கு முறை சொன்னவன், அவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று ஒருமுறை சொல்லியிருக்கலாம். ஒரு கருத்தை மீண்டும் மீண்டும் சொல்லத் தோன்றினால், முதல் தடவை சரியாகச் சொல்லவில்லை என்று பொருள்.

'மாறுகொளக் கூறல்', முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது. முதல் பத்தியில் "வறுமையினால் இளமையிலேயே கல்வியைத் துறந்தவர்" என்று எழுதியிருந்தேன். நான்காம் பத்தியில் "பள்ளிப் படிப்பை முடித்த கையோடு பம்பாய்க்குப் புறப்பட்டார்" என்று எழுதியிருந்தேன். இரண்டும் அழகாக இருந்ததால் எனக்கே தெரியவில்லை. பெரியம்மாவைக் கேட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். 1951-இல், பத்தொன்பது வயதில், சென்னை வந்து பம்பாய் மெயில் பிடித்து, தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். அச்சேறுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இரண்டு பிழையும் போயிருக்கும். ஆண்டு, வயது, ஊர், உறவு ஆகிய நான்கையும் தனித் தாளில் எழுதிச் சரிபார்க்கும் வழக்கம் அன்று ஏற்பட்டது.

சொல்லின் குற்றம்

'வழூஉச்சொல் புணர்த்தல்' என்றால் பிழையான சொற்களைச் சேர்ப்பது. ஒற்றுப்பிழை, லகர ளகர ழகரப் பிழை, ஒருமை பன்மை மயக்கம் ஆகியவற்றுக்கு மருந்து அகராதிதான். 1992-இல் வெளிவந்து பின்னர் விரிவான பதிப்புகளும் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி என் மேசையில் எப்போதும் இருக்கும். ஐயம் வந்தால் எழுந்து போய்ப் பார்ப்பதற்குச் சோம்பல்படுவோம். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பார்த்துவிடுவோம்.

ஆனால் வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு வேறு ஒரு வழு உண்டு. சொல் தமிழாகவே இருக்கும். வாக்கியம் ஆங்கிலமாக இருக்கும். நாள் முழுவதும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிவிட்டு வருகிற கை அது. "குடும்ப முன்னேற்றத்தில் முக்கியப் பங்கு வகித்தார்" என்று எழுதியிருந்தேன். நம் ஊரில் யாராவது இப்படிப் பேசுவார்களா? "மூன்று தங்கைமாருக்கும் அவர்தான் கல்யாணம் செய்துவைத்தார்" என்று மாற்றினேன். வாக்கியம் தமிழாயிற்று, செய்தியும் தெளிவாயிற்று. சந்தேகம் வந்தால், இதையே நம் அம்மாவிடமோ ஆச்சியிடமோ எப்படிச் சொல்வோம் என்று எண்ணிப் பார்ப்பது என் வழக்கம்.

இந்தி, மராத்திச் சொற்களைப் பற்றியும் அன்பர்கள் கேட்பதுண்டு. தாராவியில் நாங்கள் குடியிருந்தது 'கோலி'தான். அதைக் 'குடியிருப்பு' என்று எழுதினால் ஆறு பேர் ஒரே அறையில் படுத்த கதை மறைந்துவிடும். ஒரு பொருளுக்கு அந்த இடத்தில் என்ன பெயரோ அதை எழுதலாம். படிப்பவருக்கு விளங்கும்படி ஒருமுறை காட்டிவிட்டால் போதும். தமிழில் நல்ல சொல் இருக்கும்போது சோம்பலினால் பிறமொழிச் சொல்லைப் போடுவதுதான் தவறு.

வழி தவறியதும் வழியில் தேய்ந்ததும்

மீதி இரண்டு. 'மற்றொன்று விரித்தல்' என்பது எடுத்த பொருளை விட்டு வேறொன்றுக்குப் போய்விடுவது. பெரியப்பா பம்பாய் வந்ததைச் சொல்லப் போய், புலம்பெயர்ந்த தமிழரின் பெருமை, தமிழின் தொன்மை என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அவை நல்ல செய்திகள்தாம். ஆனால் அந்த ஒன்றரைப் பக்கமும் பெரியப்பா பிளாட்பாரத்தில் தகரப் பெட்டியோடு நின்றுகொண்டே இருந்தார். கட்டுரை எதைப் பற்றியது என்று ஒரே வரியில் எழுதி மேசையில் ஒட்டி வைத்துக்கொண்டால், எங்கே விலகுகிறோம் என்பது தெரியும்.

'சென்றுதேய்ந்து இறுதல்' என்பது தொடக்கத்தில் இருந்த வேகம் போகப் போகக் குறைந்து தேய்ந்து முடிவது. இரவு பதினொரு மணிக்குத் தூக்கம் வந்தபோது என் கட்டுரையும் முடிந்தது. "அன்னாரது ஆன்மா சாந்தியடைய இறைவனைப் பிரார்த்திக்கிறேன்" என்ற வரிக்குக் காரணம் பக்தி அன்று, களைப்பு. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். முடிவை ஒருபோதும் இரவில் எழுதுவதில்லை. காலையில், மனம் தெளிவாக இருக்கும்போது, கடைசிப் பத்தியை மட்டும் தனியாக எழுதுவேன்.

ரயிலில் கட்டிய வாக்கியங்கள்

குற்றங்களை அறிந்தால் மட்டும் போதாது. எழுதும் பழக்கம் வேண்டும். "நேரம் இல்லை" என்பது நம் எல்லோருக்கும் உள்ள குறை. எனக்கும் இருந்தது. டோம்பிவிலியிலிருந்து போரிபந்தருக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பி வரவும் அப்படியே. உள்ளூர் ரயிலில் காலை நேரத்தில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும்: எழுதுவது இருக்கட்டும், மூக்குச் சொறியக்கூடக் கை வராது.

ஆகவே மனத்திலேயே எழுதினேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாக்கியம். தாணாவில் தொடங்கினால் காட்கோபர் வருவதற்குள் கட்டிவிட வேண்டும். பிறகு தாதர், பைக்குல்லா தாண்டி இறங்கும் வரை அதை மறக்காமல் காப்பாற்ற வேண்டும். இறங்கியதும் நடைமேடையிலேயே நின்று, பையிலிருக்கும் சிறு நோட்டில் எழுதிக்கொள்வேன்.

இதில் ஓர் ஆச்சரியம் கண்டேன். நீளமான, அடுக்குச் சொல் நிறைந்த வாக்கியங்கள் குர்லா வருவதற்குள் மறந்துவிடும். எழுவாயும் பயனிலையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, கண்ணில் தெரியும் பொருள் ஒன்று உள்ளே இருந்தால் அந்த வாக்கியம் கடைசி வரை நிற்கும். எது நல்ல வாக்கியம் என்பதை எனக்கு எந்தப் புத்தகத்தையும்விட அந்த ரயில்தான் கற்றுக் கொடுத்தது. பெரியப்பாவைப் பற்றிய கட்டுரையை இப்படித்தான் திருப்பி எழுதினேன். முதல் கட்டுரை ஓர் இரவில் முடிந்தது. இரண்டாவதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

இடையில் ஒரு தடங்கல். பெரியப்பாவின் மூத்த மகனுக்கு நான் எழுதுவது தெரிந்தது. "தோல் வேலை பார்த்ததை எல்லாம் எதற்காக அச்சில் போடுகிறாய்? எங்கள் பிள்ளைகளுக்குப் பெண் பார்க்க வேண்டாமா?" என்று கோபப்பட்டான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அது என்னுடைய கதை மட்டும் அன்று. எழுதுவதை நிறுத்திவிட்டுப் பெரியம்மாவிடம் போய்க் கேட்டேன். அவள் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்த வேலைதான்டா உங்க எல்லாத்துக்கும் சோறு போட்டுச்சு. அவுகளே கூச்சப்பட்டாக, சரி. நீங்களும் கூச்சப்படணுமா?"

அண்ணன் அன்று பதில் பேசவில்லை. ஆனால் பிறகு தடுக்கவும் இல்லை. மற்றவர் வாழ்க்கையை எழுதும்போது, உரியவரைக் கேட்டுவிட்டு எழுத வேண்டும் என்பது அன்று நான் கற்ற பாடம். கேட்டு, அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடத்தான் வேண்டும்.

நான் கைக்கொள்ளும் ஐந்து பழக்கங்கள்

புதிதாக எழுதும் அன்பர்களுக்காகச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. தினமும் மூன்று வரி. படுக்கப் போகுமுன் ஒரு டைரியில், அன்று கண்டது ஒன்று, காதில் விழுந்த பேச்சு ஒன்று, புதிதாகத் தெரிந்த பொருளின் பெயர் ஒன்று எழுதுவேன். பேச்சை அவர்கள் பேசியபடியே எழுத வேண்டும். நம் நடைக்கு மாற்றக்கூடாது. பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஓர் ஆண்டில் ஆயிரம் வரிக்கு மேல் சேரும்.

2. பெரியவர்களிடம் இன்றே கேட்பது. உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் 1940-இல் எழுதத் தொடங்கியபோது அவருக்கு ஏறத்தாழ எண்பத்தைந்து வயது. எந்த ஊரில் யார் சோறு போட்டார், யாரிடம் எந்த நூல் படித்தார் என்று பெயர் பெயராக அதில் வரும். 1942-இல் அவர் மறைந்தபோது 'என் சரித்திரம்' முற்றுப்பெறாமலே நின்றது. அவ்வளவு பெரிய மனிதருக்கே காலம் போதவில்லை. நம் வீட்டுப் பெரியவர்களோ எழுதுவதே இல்லை. நாம் கேட்காவிட்டால் அவர்களோடு எல்லாம் போய்விடும். பெரியப்பாவிடம் நான் கேட்காமல் விட்ட கேள்விகளுக்கு இன்றும் விடை இல்லை.

3. வாய்விட்டுப் படிப்பது. எழுதியதைச் சத்தமாகப் படித்தால் மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீளம். நாக்கு தடுக்கும் இடத்தில் சொல் சரியில்லை. நமக்கே வெட்கமாக இருக்கும் இடத்தில் பொய் இருக்கிறது. இப்போது கைப்பேசியில் நம் குரலைப் பதிவு செய்து கேட்கவும் வசதி இருக்கிறது.

4. பதினைந்து நாள் மூடி வைப்பது. எழுதிய சூட்டோடு எதையும் அனுப்பாதீர்கள். பதினைந்து நாள் கழித்து எடுத்தால், வேறு யாரோ எழுதியதுபோல் இருக்கும். அப்போது பத்துக் குற்றங்களின் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். பொங்கல் மலருக்கு எழுத வேண்டுமானால் தீபாவளிக்கே தொடங்கிவிட வேண்டும்!

5. நாம் வாழும் ஊரை எழுதுவது. வெளியூரில் இருக்கும் நாம் பேனாவை எடுத்தால் உடனே ஊர்த் தெப்பக்குளமும் வேப்பமரமும்தான் வருகின்றன. தவறில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த ஊர் நம் தமிழில் வராவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்? பல ஆண்டுகள் இந்நகரில் வேலை பார்த்த நாஞ்சில் நாடனும், இங்கேயே வாழும் அம்பையும் மும்பையைத் தமிழ்க் கதைகளுக்குள் கொண்டு வந்திருக்கிறார்கள். நம் தெரு, நம் ரயில், நம் பால்காரர் ஆகியோரை எழுத நாமும் முயலலாம்.

இரண்டாவது கட்டுரை

1996-இல் கட்டுரை முடிந்தது. முதல் கட்டுரையில் பாதி நீளம்தான். 'மாணிக்கம்' இல்லை, 'இழப்பு' இல்லை. தகரப் பெட்டி இருந்தது. சுண்ணாம்புக் குழி இருந்தது. கரண்டி இருந்தது. அனுப்புவதற்கு முன்னால் பெரியம்மாவிடம் போய்ப் படித்துக் காட்டினேன். இந்தத் தடவை ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல் படித்தேன்.

கரண்டி வந்த இடத்தில் அவள் தலையை ஆட்டினாள். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது அவுகதான்" என்றாள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். பிறகு அவள் சொன்னாள்:

"எலுமிச்சம்பழத்தை விட்டுட்டியே."

எனக்குப் புரியவில்லை. பிள்ளைகள் கைக்குழந்தையாக இருந்தபோது, நான் பம்பாய்க்கு வருவதற்கு முன்னால், பெரியப்பா வேலை முடிந்து வந்ததும் அரை மூடி எலுமிச்சம்பழம் கேட்பாராம். வெடித்த கையில் அதைத் தேய்த்துக்கொள்வாராம். "எரியும்லா பெரியம்மா?" என்றேன். "எரியாமலா? பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தேய்ப்பாக. அந்த வாடையோட பிள்ளையைத் தூக்க மாட்டாக" என்றாள்.

இரண்டு ஆண்டுகள் திருத்திய பிறகும் முதல் குற்றமான 'குன்றக் கூறல்' என் கட்டுரையில் இருந்தது. அன்று இரவே அந்த எலுமிச்சம்பழத்தைச் சேர்த்தேன். இரண்டே வரிதான். கட்டுரை வெளிவந்தபோது அண்ணன் ஐந்து பிரதி கேட்டு வாங்கிக்கொண்டான்.

பெரியம்மாவும் இப்போது இல்லை. ஆனாலும் எதை எழுதி முடித்தாலும், அனுப்புவதற்கு முன் அவள் எதிரே உட்கார்ந்து படிப்பதாக நினைத்து ஒருமுறை படித்துப் பார்க்கிறேன். "இது யாரைப் பத்தி எழுதுனதுய்யா?" என்று அவள் கேட்காமல் இருந்தால் அனுப்பிவிடுவேன்.

அன்பர்களே, அடுத்த மலருக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவர் செய்த வேலையைப் பற்றி அவரையே கேளுங்கள். அடைமொழி இல்லாமல் ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுங்கள். விட்டுப்போனதை அவர் சொல்வார்.